சிற்றூர் நீதிபதியும் தேர்தல் இல்லாத மாநகரமும்

1957ஆம் ஆண்டு பிறந்த முதல் வாரத்திலேயே உலகின் இரு மூலைகளில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜனவரி 1ஆம் தேதி, இரண்டாம் எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் பினாங்கின் ஜார்ஜ்டவுன் மாநகரமானது. மலாயாக் கூட்டரசில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் நம்முடையதுதான். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 3ஆம் தேதி, வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை கூடியபோது, பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த தலிப் சிங் சௌந்த் உறுப்பினராகப் பதவியேற்றார். ஆசியாவில் பிறந்த ஒருவர் வாக்குரிமையுள்ள உறுப்பினராக அந்தச் சபையில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

அன்று யாரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசியிருக்க மாட்டார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கடந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் இரண்டிலும் ஒரே கேள்வி இருந்தது தெரிகிறது. பிழைக்க வந்தவன் காலமெல்லாம் பிறர் ஆள, வரி கட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டியதுதானா? அல்லது, தான் வாழும் ஊரை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கவும், வேண்டுமானால் தானே தேர்தலில் நிற்கவும் அவனுக்கு உரிமை உண்டா? அந்தக் கேள்விக்கு அமெரிக்கா நெடுங்காலம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு ஆம் என்றது. பினாங்கோ, இந்நாட்டிலேயே முதலில் ஆம் என்று சொன்ன ஊர். இன்று மாநகர் மன்றத்தைப் பொறுத்தவரை நமக்கு அந்த உரிமை இல்லை. சௌந்தின் கதையை இன்று எடுத்துச் சொல்வதற்கு இதுவே காரணம்.

சௌந்த் 1899 செப்டம்பர் 20ஆம் தேதி பிறந்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றார். காந்தியின் பேச்சும், லிங்கன், வுட்ரோ வில்சன் ஆகியோரின் எழுத்தும் அந்த இளைஞரை ஆட்கொண்டிருந்தன. 1920இல் அமெரிக்கா சென்றார். பழங்களைப் பதப்படுத்தி டின்னில் அடைக்கும் தொழிலைக் கற்று ஊர் திரும்பி ஆலை வைப்பதுதான் நோக்கம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஸ்டாக்டன் நகரத்துச் சீக்கியக் கோயில் இந்திய மாணவர்களுக்காக நடத்திவந்த விடுதியில் தங்கினார். படிப்பு மெல்லக் கணிதத்தின் பக்கம் திரும்பியது. 1924இல் அதில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஆனால் அந்தப் பட்டத்துக்கு ஏற்ற வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர் திண்ட். இந்தியர்கள், சாதாரண அமெரிக்கர் புரிந்துகொள்ளும் பொருளில், வெள்ளையர் அல்லர். ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்றது நீதிமன்றம். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த சிலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1917ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியை வேலி கட்டி அடைத்திருந்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் விளைநிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913லேயே சட்டம் போட்டு, 1920இல் அதை இன்னும் இறுக்கியிருந்தது.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் இம்பீரியல் பள்ளத்தாக்கின் பாலைவன வெயிலுக்குப் போனது இப்படித்தான். பருத்தி எடுக்கும் கூலியாட்களுக்கு மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். பிறகு சொந்தமாகப் பயிர் செய்யத் துணிந்தார். அங்கே பஞ்சாபிய விவசாயிகள் பலர் இருந்தார்கள். நிலத்தைத் தங்கள் பெயரில் எழுத முடியாததால் நம்பிக்கைக்குரிய அமெரிக்கர்களின் பெயரில் எழுதிவைத்துப் பயிரிட்டவர்கள் அவர்கள். ஊரிலிருந்து மனைவியை அழைத்துவரச் சட்டம் இடம் தராததால் மெக்சிகப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள். நம்முடைய பாட்டன்மார் செபராங் பிறைத் தோட்டங்களிலும் ஜார்ஜ்டவுன் துறைமுகத்திலும் உழைத்த அதே ஆண்டுகளில், உலகத்தின் மறுகோடியிலும் இந்தியர்கள் இப்படித்தான் சட்டத்தின் இடுக்குகளில் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சௌந்த் 1928இல் மேரியன் கோசா என்ற செக் வம்சாவளிப் பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது விளைபொருளின் விலை சரிந்து அவர் கடனில் மூழ்கினார். திவாலானதாக அறிவித்துவிட்டால் கடன்காரர்களிடமிருந்து தப்பியிருக்கலாம். அவர் அதற்கு ஒப்பவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டு வாங்கிய கடனை அடைத்தார். பிற்காலத்தில் வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரில் உர வியாபாரம் தொடங்கியபோது, அந்த வட்டாரத்து விவசாயிகளுக்கு அவர் ஏற்கெனவே நன்கு தெரிந்தவர். அவர்கள் அவரை “டாக்டர்” என்று அழைத்தார்கள். வணிகம் அவருக்குப் பெருஞ்செல்வத்தைத் தரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்ற பெயரைத் தந்தது. அரசியலுக்கு வருகிற வியாபாரிக்கு இதைவிடப் பெரிய முதல் வேறு எதுவும் இல்லை.

உழைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் பேசினார். மன்றங்கள், தேவாலயங்கள், பள்ளிகள் என எங்கே அழைத்தாலும் போய் இந்திய விடுதலைக்காகப் பேசினார். கேத்தரின் மேயோ இந்தியாவை இழிவுபடுத்தி எழுதிய நூலுக்கு மறுப்பாக 1930இல் ஒரு புத்தகமே எழுதினார். அதை வெளியிட உதவியதும் ஸ்டாக்டன் சீக்கியக் கோயில்தான். 1940களில் அமெரிக்கா வாழ் இந்தியர்கள் குடியுரிமை கேட்டு இயக்கம் நடத்தியபோது கலிபோர்னியாவில் அதற்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 1946 ஜூலை 2ஆம் தேதி அதிபர் ட்ரூமன் லூஸ்–செல்லர் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர்களைத்தான் குடியேற அனுமதித்தது. ஆனாலும் ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமையின் கதவு திறந்தது. அமெரிக்க மண்ணில் கால் வைத்து 29 ஆண்டுகள் கழித்து, 1949 டிசம்பரில், சௌந்த் அமெரிக்கக் குடிமகனானார்.

அடுத்த ஆண்டே அவர் தேர்தலில் நின்றார். எந்தப் பதவிக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ, மாநிலச் சட்டமன்றத்துக்கோ அல்ல. வெஸ்ட்மோர்லண்ட் சிற்றூரின் நீதிபதிப் பதவிக்கு. சிறு குற்றங்களையும் சில்லறைத் தகராறுகளையும் விசாரிக்கும் மிகச் சிறிய நீதிமன்றம் அது. அதற்கும் அங்கே மக்கள்தான் வாக்களிப்பார்கள். சௌந்த் வென்றார். ஆனால் குடியுரிமை பெற்று ஓராண்டு நிறையவில்லை என்று சொல்லிப் பதவியைத் தர மறுத்தார்கள். 1952இல் மீண்டும் நின்று மீண்டும் வென்றார். நீர் நீதிபதியானால் உம் நீதிமன்றத்துக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகையை நீரே தருவீரா, நாங்கள் வாங்கி வர வேண்டுமா என்று ஒருவர் அவரைச் சீண்டினார். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதில் தனக்கு அக்கறையில்லை, தலைக்குள் என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

அந்தச் சின்ன நீதிமன்றம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். சூதாட்டத்தாலும் விபசாரத்தாலும் பெயர் கெட்டிருந்த ஊரைக் கடுமையான தண்டனைகளால் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். ஊர்க்காரர்கள் அவரை நாள்தோறும் பார்த்தார்கள். அவர் தீர்ப்பு நேர்மையானதா, பெரியவருக்கு ஒன்று எளியவருக்கு ஒன்று என்று இருக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டு எடை போட்டார்கள். பிறகு அவர் 1956இல் ரிவர்சைட், இம்பீரியல் மாவட்டங்கள் அடங்கிய 29ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நிற்க முன்வந்தபோது, அவர் யாரோ ஒரு அந்நியர் அல்லர். நம்ம ஊர் நீதிபதி.

அந்தத் தேர்தலில் வேறு இடையூறுகளும் வந்தன. கட்சிக்குள் அவரை எதிர்த்தவர் நீதிமன்றத்துக்குப் போனார். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஏழு ஆண்டுகளாவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். தேர்தல் நாளில் சௌந்துக்கு ஏழு ஆண்டு நிறைந்திருக்காது என்பது வாதம். ஆனால் டிசம்பரில் நிறைந்துவிடும். சபை ஜனவரியில்தான் கூடும். வழக்குத் தள்ளுபடியானது. பொதுத் தேர்தலில் அவரை எதிர்த்தவர் ஜாக்குலின் காக்ரன். ஒலியின் வேகத்தைத் தாண்டி விமானம் ஓட்டிய முதல் பெண், உலகப் புகழ் பெற்றவர், பெரும் செல்வரான ஃபிளாய்ட் ஓட்லமின் மனைவி, அதிபர் ஐசன்ஹோவருக்கு வேண்டியவர். சௌந்தின் குடும்பமும் நண்பர்களும் வீடு வீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் உர வியாபாரி வென்றார். ஆசியர்கள் நிலம் வாங்கக் கூடாது என்ற பழைய சட்டத்தைக் கலிபோர்னிய மக்கள் அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், ரத்து செய்தார்கள். அந்தச் சட்டத்தால் நிலம் மறுக்கப்பட்டவரையும் அதே மக்கள்தான் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

நாடாளுமன்றத்தில் அவருக்கு வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது. முதல் முறை உறுப்பினருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. 1957இன் இறுதியில் ஆசிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து தாய்நாட்டுக்கும் சென்றார். அப்போது பனிப்போர் உச்சத்தில் இருந்தது. நிறவெறி அமெரிக்காவின் முகத்தில் கரியைப் பூசியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் லிட்டில் ராக் நகரத்துப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் நுழைய ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் நாட்டில் ஆசியரும் உயரலாம் என்று காட்ட சௌந்தின் வெற்றி அமெரிக்க அரசுக்குப் பயன்பட்டது உண்மை. அவர் அதை அறியாதவர் அல்லர். என்றாலும் குடிமை உரிமைகளை ஆதரித்தும், அயல்நாட்டு உதவி சர்வாதிகாரிகளின் ஆயுதக் கிடங்குக்குப் போகாமல் மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்றும் அவர் பேசினார். 1958இலும் 1960இலும் மீண்டும் வென்றார். 1962 மே மாதம் பக்கவாதம் தாக்கியது. பேச்சாலேயே உயர்ந்தவருக்குப் பேச்சு போயிற்று. அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். 1973 ஏப்ரல் 22ஆம் தேதி காலமானார்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

வணிகர்கள் பொதுவாழ்வுக்கு வருவது பினாங்குக்குப் புதிதல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி நாட்டிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா வணிகர்கள் திரளாக வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பரங்கிப்பேட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட காதர் முகைதீன். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தென்னிந்தியச் சமூகத்தின் கப்பித்தானாக நியமித்தது. 1801இல் பள்ளிவாசல் எழ முன்னின்றவர் அவர். இன்றும் அந்தப் பள்ளிவாசலும் அதன் முன்னுள்ள சாலையும் கப்பித்தான் கிளிங் என்ற அவரது பட்டத்தையே சுமந்து நிற்கின்றன. சமூகத்துக்கு அவர் செய்தது பெரிது. அதில் ஐயமில்லை. ஆனால் அவரை அந்த இடத்தில் அமர்த்தியது மக்கள் அல்ல, கம்பெனி. கம்பெனிக்கு மனம் மாறினால் பதவியும் மாறும். குறை சொல்ல மக்களுக்கு வாய் இருந்தது. ஆளை மாற்றக் கையில் வாக்கு இல்லை.

இந்த நியமன முறையைத் தாண்டி முன்னே சென்றதும் பினாங்குதான். 1857லேயே வரி கட்டுவோர் வாக்களித்து நகராண்மை ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இங்கே வந்தது. மிகச் சிலருக்கு மட்டுமே வாக்கு இருந்த தேர்தல்தான். அதையும் 1913இல் பிரிட்டிஷார் எடுத்துவிட்டு மீண்டும் நியமனத்துக்குப் போனார்கள். போர் முடிந்து காலம் மாறிய பின், 1951 டிசம்பர் 1ஆம் தேதி, ஜார்ஜ்டவுன் மக்கள் வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள். 15 இடங்களில் 9 இடங்களுக்குத் தேர்தல். மலாயாவில் நடந்த முதல் நகராண்மைத் தேர்தல் அது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்றரை ஆண்டுகள் முந்தியது. 1956க்குள் மன்றத்தின் எல்லா இடங்களுமே தேர்தலுக்கு வந்துவிட்டன. மலாயாவில் முழுக்க மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மன்றம் நம்முடையது.

அந்தக் காலத்தில் குடியுரிமை நமக்கும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1955 பொதுத்தேர்தலின் வாக்காளர் பட்டியலில் மலாய்க்காரர் 84 சதவீதம். இந்தியரும் பிறரும் சேர்ந்து 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த நாட்டிலேயே உழைத்து ஓய்ந்தவர்களில் மிகப் பலர் குடியுரிமை இல்லாததால் அந்தப் பட்டியலில் இல்லை. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாள் முழுவதையும் கழித்த முதியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. சௌந்த் 29 ஆண்டு காத்திருந்தார் என்று படிக்கும்போது நமக்கு வலிப்பது அதனால்தான். அந்த வலி நமக்கும் சொந்தம்.

அப்படியிருந்தும், கதவு திறந்தபோது நடந்ததைப் பாருங்கள். 1958இல் ஜார்ஜ்டவுன் மேயராகத் தேர்வானவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன். சீனர் பெரும்பான்மையாக வாழும் மாநகரத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒரு இந்தியரைத் தலைவராக அமர்த்தியது. ஸ்காட் சாலைக்கு இன்று அவர் பெயர். அந்த வழியே போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

பிறகு வந்ததை ஒரு சில வரிகளில் சொல்லிவிடலாம். இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய காலத்தில், 1965 மார்ச்சில், நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அது தற்காலிகம் என்று சொன்னார்கள். 1966இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சர் கைக்கு மாறின. ஊராட்சிகளை ஆராய அரசு அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் செனட்டர் ஆதி நாகப்பன், ஒரு தமிழர். குறைகளைக் களைந்து தேர்தல் முறையைத் தொடர வேண்டும் என்பதே அவரது ஆணையத்தின் பரிந்துரை. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், தன் 15ஆம் பிரிவால், தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. 2012இல் பினாங்கு மாநில அரசு தேர்தலை மீட்க ஒரு சட்டம் இயற்றியது. மாநில அரசும் அலிரான் அமைப்பின் பி. ராமகிருஷ்ணனும் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றார்கள். 2014 ஆகஸ்டில் நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆக, மாநகர் மன்றத்தில் இன்று அமர்ந்திருப்பவர்கள் மாநில அரசால் நியமிக்கப்பட்டவர்கள். அவர்களில் உழைப்பாளிகள் உண்டு, நல்லவர்கள் உண்டு. இதை நாம் அவர்கள்மீது குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் முறை, கப்பித்தான் காலத்து முறை. அன்று கம்பெனி நியமித்தது, இன்று கட்சிகள் பங்கு பிரித்து நியமிக்கின்றன. லிட்டில் இந்தியாவின் பூக்கடைக்காரர், நாசி கண்டார் கடை நடத்துபவர், லெபோ பசாரில் துணி விற்பவர் ஆகியோரின் உரிமம், சாக்கடை, மதிப்பீட்டு வரி, நடைபாதை எல்லாம் அந்த மன்றத்தின் கையில். 2000ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது, 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அதன்பின் பழைய கடைவீடுகளில் யார் இருப்பார், யார் போவார், எந்தக் கடை ஹோட்டலாகும் என்பதெல்லாம் ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்க்கைக் கேள்வி. அதில் அனுமதி தருகிற இடத்தில் இருப்பவரை அந்தக் குடும்பம் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வேண்டாம் என்று மாற்றவும் முடியாது.

அமெரிக்காவில் சௌந்துக்குப் பின் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவருக்குப் பிறகு இன்னொரு இந்திய வம்சாவளியினர் பிரதிநிதிகள் சபைக்கு வர 42 ஆண்டுகள் ஆயின. 2005இல் பாபி ஜிண்டால் வந்தார். 2017இல் ஒரே நேரத்தில் மூவர் புதிதாக வந்தார்கள். அவர்களில் பிரமீளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். ராஜா கிருஷ்ணமூர்த்தி தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1973இல் டெல்லியில் பிறந்து மூன்று மாதக் குழந்தையாக அமெரிக்கா போனவர். குடும்பம் நொடித்த காலத்தில் அரசு தந்த உணவு உதவியிலும் அரசுக் குடியிருப்பிலும் வாழ்ந்ததை அவர் மறைப்பதில்லை. பிரின்ஸ்டனில் பொறியியல், ஹார்வர்டில் சட்டம் படித்தார். இலங்கைத் தமிழரான இயற்பியலாளர் சிவா சிவானந்தன் நிறுவிய ஆய்வக நிறுவனத்தின் தலைவராக இருந்தார். இருளில் பார்க்கும் கருவிகளுக்கான தொழில்நுட்பத்தில் பெயர் பெற்ற நிறுவனம் அது. அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்தவர், 2010இலும் 2012இலும் கட்சிக்குள் நடந்த தேர்தல்களில் தோற்ற பிறகே 2016இல் இல்லினாய் மாநிலத்தின் 8ஆம் தொகுதியை வென்றார்.

2023இல் வந்த ஸ்ரீ தானேதார் கர்நாடகத்தின் பெல்காம் பகுதியைச் சேர்ந்தவர். வேதியியலாளர், ஆய்வக வணிகத்தில் உயர்ந்து விழுந்து மீண்டும் எழுந்தவர். 2018இல் மிச்சிகன் ஆளுநர் பதவிக்கு நின்று சுமார் ஒரு கோடி டாலர் சொந்தப் பணத்தைச் செலவழித்தும் கட்சிக்குள்ளேயே மூன்றாம் இடம்தான் கிடைத்தது. பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய், அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார்.

இந்தப் பட்டியலில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. கவலைப்படவும் இருக்கிறது. சௌந்த் காலத்துத் தேர்தலுக்கும் இன்றைய தேர்தலுக்கும் இடையே பணம் மலைபோல் வளர்ந்துவிட்டது. பணமுள்ள வணிகர் நேராக உச்சிக்கு ஏற முயல்வதும், பணமில்லாத வணிகர் அந்தப் பக்கமே தலைவைக்காததும் மக்களாட்சிக்கு நல்லதல்ல. அதைத் தடுக்கக்கூடியது ஒன்றே. அடியில் சின்னப் பதவிகள் இருக்க வேண்டும். அங்கே செலவு குறைவு, முகம் தெரியும், கடனைத் திருப்பிக் கொடுத்தாரா, கூலியைச் சரியாகக் கொடுத்தாரா என்று வாக்காளருக்கே தெரியும். வெஸ்ட்மோர்லண்ட் நீதிமன்றம் இல்லாவிட்டால் சௌந்த் ஏழு ஆண்டில் நாடாளுமன்றம் போயிருக்க முடியாது. ஏணியின் முதல் படியை உடைத்துவிட்டு மேலே யாரும் ஏறவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

ஊராட்சித் தேர்தல் வேண்டாம் என்பவர்களின் காரணங்களையும் புறந்தள்ளக் கூடாது. இன உணர்வு கிளறப்படும், நகரங்கள் ஓர் இனத்தின் கைக்குப் போய்விடும், சிறுபான்மைக்கு இடமிருக்காது என்கிறார்கள். 1969 இனக் கலவரத்தின் காயம் ஆறாத நாட்டில் இந்த அச்சம் பொய்யானதல்ல. நியமன முறையில் இந்தியர்களுக்குச் சில இடங்களாவது உறுதியாகக் கிடைக்கின்றன, தேர்தல் வந்தால் அதுவும் போகும் என்று நம்மவர்களே சொல்வதும் உண்டு. ஆனால் ராமநாதனை மேயராக்கியது நியமனம் அல்ல, தேர்தல். கலிபோர்னியாவின் 29ஆம் தொகுதியில் வாழ்ந்த இந்தியர்கள் ஒரு கைப்பிடி. அவர்களின் வாக்கால் சௌந்த் ஜெயிக்கவில்லை. தன் இனத்தாரை மட்டும் நம்பி நிற்க முடியாது என்ற நிலைதான் ஒரு வேட்பாளரை எல்லாருக்கும் பொதுவானவராக ஆக்குகிறது. நியமிக்கப்பட்டவருக்கோ தன் சமூகத்தின் ஒதுக்கீடாக இருந்தாலே போதும். அடுத்த தெருவில் வாழும் வேறு இனத்தாரின் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அச்சத்தைப் போக்க வழிகள் உண்டு. வட்டாரங்களை நியாயமாகப் பிரிக்கலாம், சிறுபான்மைக்குச் சில இடங்களைச் சட்டத்தால் உறுதி செய்யலாம். அச்சத்துக்காகத் தேர்தலையே இல்லாமல் செய்வதை இத்தனை ஆண்டுகள் சகித்துக்கொண்டது போதும்.

செலவாகும் என்ற வாதமும் உண்டு. ஆகும்தான். ஆனால் தவறான ஒரு கட்டட அனுமதியால் ஒரு தெருவே வாழ்விழந்து போவதும் செலவுதான். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவே.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, கூட்டரசு அரசாங்கத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்: ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவைத் திருத்துங்கள். எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் வர வேண்டியதில்லை. கேட்கிற மாநிலத்துக்கு அனுமதி கொடுங்கள். பினாங்கு கேட்டது, கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, மாநில அரசுக்கு: சட்டம் மாறும்வரை காத்திராமல், மன்ற உறுப்பினர்களை நியமிக்கும் முன் அந்தந்த வட்டாரத்து மக்களின் கருத்தை வெளிப்படையாகக் கேளுங்கள். யார், எதற்காக நியமிக்கப்பட்டார், என்ன செய்தார் என்பதை ஆண்டுதோறும் மக்கள் முன் வையுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் நமக்கே. அமெரிக்காவில் ஒரு தமிழ்ப் பெயர் வெற்றி பெற்றால் இங்கே இனிப்பு வழங்குகிறோம். தவறில்லை. ஆனால் நம் கடைத்தெருவின் வணிகர் சங்கத்தில், கோயில் நிர்வாகத்தில், பள்ளி வாரியத்தில் நடக்கிற தேர்தலுக்கு நாம் போகிறோமா? கணக்குக் கேட்கிறோமா? நேர்மையாகத் தொழில் செய்து, கடனை அடைத்து, தொழிலாளிக்குக் கூலியைத் தவறாமல் கொடுத்து நல்ல பெயர் எடுத்த வணிகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை முன்னே வரச் சொல்லுங்கள். மாநகர் மன்றத் தேர்தல் திரும்ப வரும் நாளில் வாக்கு கேட்டு நம் வாசலுக்கு வரத் தகுதியானவர்களை இப்போதே உருவாக்க வேண்டியது நம் கடமை. அந்த நாள் வர வேண்டும் என்று ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் வேட்பாளரின் முகத்துக்கு நேரே கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாதவருக்கு உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.